நாலில் ஒரு பங்கு மழை

ராணுவத்தில் மழை தன் இஷ்டத்துக்குப் பெய்துவிட முடியாது. கீழே இருப்பவர் எழுதி மேலே அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் வானம் தன் வேலையைப் பார்க்கலாம். மேஜர் இதைத் தெரிந்துகொண்டது மேஜர் ஆவதற்கு வெகுகாலம் முன்பு, மீசை ஒழுங்காக முளைக்காத வயதில், மலையடிவாரத்து முகாம் ஒன்றில் வானிலை அதிகாரியாகச் சேர்ந்த புதிதில்.

முகாமின் மூலையில் தகரக் கூரை போட்ட ஒரு அறைதான் அவருடைய ராஜ்யம். உள்ளே காற்றழுத்தமானி, சுவரில் வரைபடம், ஒரு கால் ஆடுகிற மேசை. வெளியே வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள், கம்பத்து உச்சியில் காற்றுக்குச் சுழலும் கிண்ணங்கள், மழையை அளக்க ஒரு செப்புக் குடுவை. விடிந்ததும் பலூனில் வாயுவை நிரப்பி, வாலில் கருவிப் பெட்டியைக் கட்டி மேலே விடுவார். அது சாய்கிற பக்கத்தை வைத்து மேல்காற்றைக் கணக்குப் போடுவார். பீரங்கிப் படைக்குக் காற்றின் கணக்கு வேண்டும், லாரிப் படைக்கு மழையின் கணக்கு வேண்டும். சமையல்கூடத்துக்கு எந்தக் கணக்கும் வேண்டாம், ஆனால் தினமும் கேட்பது அவர்கள்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஒத்திகை வந்தது. ஜெனரலே நேரில் வந்து பார்வையிடப் போகிறார். நம் ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் போட்டு, 'நாளை கனமழை, மலைப்பாதையில் வண்டிகள் போகக் கூடாது' என்று எழுதிக் கேப்டனிடம் நீட்டினார். கேப்டன் படித்தார். கனமழை என்று போனால் இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று தன்னைத்தான் கேட்பார்கள் என்று யோசித்து, 'கன' என்பதை அடித்தார். மழை என்று வந்ததைக் கர்னல் பார்த்தார். மழைக்கோட்டுகள் இன்னும் கிடங்கிலிருந்தே வரவில்லை, அது அவர் பொறுப்பு. ஆகவே மழை தூறலானது. தூறல் பிரிகேடியரிடம் போனது. ஒத்திகையை வேடிக்கை பார்க்க ஜெனரலின் மனைவியும் வருகிறார், அம்மாவிடம் போய்த் தூறல் என்று எந்த வாயால் சொல்வது என்று அவர் அதை மேகமூட்டம் ஆக்கினார். ஜெனரலின் கைக்குப் போனபோது வானிலை சாதகமாக இருந்தது.

காலை அணிவகுப்பில் 'வானிலை சாதகம்' என்று ஜெனரல் வாசித்தார். வாசிக்கும்போதே அவர் தொப்பி முனையிலிருந்து தண்ணீர் கயிறாக ஊற்றிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற அத்தனை பேரும் நனைந்த கோழி மாதிரி விறைத்து நின்றார்கள். சாதகமான வானிலையில் மழைக்கோட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி. லாரிகள் மலைப்பாதையில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கின. கடைசியில் விசாரணை என்று ஒன்று நடந்தது. வானிலை அதிகாரி ஏன் சாதகம் என்று கணித்தார் என்பதே கேள்வி. நான் கனமழை என்றுதானே எழுதினேன் என்று அவர் கேட்டதற்கு, விசாரணை அதிகாரி பொறுமையாகச் சொன்னார்:

"நீங்க எழுதினது கணிப்பு இல்ல தம்பி. கையெழுத்தாகிக் கீழ வருது பாருங்க, அதுதான் கணிப்பு."

அன்றோடு அவருக்கு ஞானம் பிறந்தது. அடுத்த தடவை மழைக்கான அறிகுறி தெரிந்தபோது அவர் மழை என்று எழுதவில்லை. 'கடும் புயல், மரங்கள் வேரோடு சாயும்' என்று எழுதினார். கேப்டன் மரங்களை நிமிர்த்தினார், கர்னல் புயலைக் கனமழையாக்கினார், பிரிகேடியர் கனத்தை இறக்கினார், மேலே போய்ச் சேர்ந்தது வெறும் மழை. மழைதான் பெய்தது. எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். ஜெனரல் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு இதில் அவர் கைதேர்ந்தவரானார். யாருடைய கத்தரிக்கோல் எவ்வளவு வெட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. கர்னல் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளில் கொஞ்சம் கூடவே வெட்டுவார், அதற்கும் சேர்த்து எழுதிவிடுவார். மொத்தத்தில் எழுதியதில் நாலில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். எனவே உள்ளதை நாலால் பெருக்கி எழுதினால் உண்மை ஒரு சேதாரமும் இல்லாமல் ஊர் போய்ச் சேரும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, இந்தப் பொய் உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. உண்மையான சண்டை வந்தபோது, கணவாயைத் தாண்டி ஒரு படைப்பிரிவு புறப்பட இருந்த நாளில், பனிப்புயல் வருகிறது, போனால் ஒருவர்கூடத் திரும்ப மாட்டார் என்று எழுதினார். அது மேலே போகும்போது 'பனிமூட்டம் இருக்கலாம், எச்சரிக்கை தேவை' என்று சுருங்கியது. அந்த எச்சரிக்கைக்காக அவர்கள் ஒரு நாள் தாமதித்தார்கள். அந்த ஒரு நாளில் கணவாய் பனியில் மூடிக்கொண்டது. அதற்குத்தான் பதக்கம். பதக்கத்தோடு பதவி உயர்வும் வந்து மேஜரானார். மேஜரானதும் அவரிடமும் கீழேயிருந்து கணிப்புகள் வந்தன. அவரும் கூசாமல் வெட்டினார். வெட்டாத ஆளை மேலதிகாரி என்று யார் மதிப்பார்கள்?

கெட்ட பழக்கம் என்பது சீருடையோடு கழற்றி ஆணியில் மாட்டக்கூடிய சாமான் இல்லை. அது அவரோடு வீட்டுக்கும் வந்தது. குழாய் சொட்டினால் வீடு மூழ்குகிறது என்பார். மகளுக்குத் தும்மல் வந்தால் நுரையீரல் என்பார். பேருந்து தாமதமானால் போக்குவரத்தே ஸ்தம்பித்துவிட்டது என்பார். அவர் மனைவி புத்திசாலி. புருஷனோடு வாதாடி வாயை வலிக்க வைத்துக்கொள்ளாமல், அவர் எது சொன்னாலும் மனசுக்குள் நாலால் வகுத்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்ப்பார். மகள் பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கற்றுக்கொண்டபோது, வீட்டில் அம்மா கொடுத்த பயிற்சிக் கணக்கே இதுதான்: அப்பா புயல்னு சொன்னா, நாலால வகுத்தா என்ன? தூறல் என்று மகள் சொல்வாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரிப்பார்கள். மேஜரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மகள் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி படுத்துவிட்டார். மேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவுக்கு ரொம்ப மோசம், உடனே கிளம்பி வா என்றார். மகள் வகுத்தாள். ரொம்ப மோசத்தை நாலால் வகுத்தால் காய்ச்சல். தேர்வை முடித்துவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

அவள் கத்தி அழவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:

"நீங்க எப்பவும் அப்படித்தானப்பா சொல்வீங்க?"

அதன் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடவில்லை. அவள் கல்யாணம் நடந்தது, வாரம் தவறாமல் வந்து பார்த்தாள், அவருக்குச் சட்டைகூடத் தைத்துக் கொடுத்தாள். வகுப்பதை மட்டும் விடவில்லை. விட முடியவில்லை என்பதே சரி. இப்போது அதில் சிரிப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பதக்கம், பட்டயம் எல்லாம் கண்ட அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை, தான் சொல்வதை மகள் வகுக்காமல் அப்படியே கேட்க வேண்டும்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நகரத்து வானிலை மையத்தில் இயக்குநர் பதவி கொடுத்தார்கள். பதக்கம் வாங்கியவரைச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள் அல்லவா? பெரிய கட்டடம், கண்ணாடி ஜன்னல், ஆடாத மேசை, மாலையில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். முதல் நாள் வரைபடத்தைப் பார்த்தார். நாளைக்குத் தூறல் என்றது வரைபடம். மேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடும் புயல் வருகிறது, மரங்கள் வேரோடு சாயும் என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. அவருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் கேப்டன் இல்லை, கர்னல் இல்லை, பிரிகேடியரும் இல்லை. வெட்டுவதற்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. சொன்ன புயல் சொன்ன அளவிலேயே ஊருக்குள் இறங்கிவிட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கடைகளில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோயிற்று. மேயர் வீட்டு முன்னால் இருந்த நல்ல மரத்தை, அது தானாகச் சாய்வதற்குள் முந்திக்கொண்டு வெட்டிச் சாய்த்தார்கள். மறுநாள் ஒரு கைக்குட்டையைக்கூட ஒழுங்காக நனைக்காத தூறல் ஒன்று வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிற்று.

ஊர் அவருக்குத் தூறல் மேஜர் என்று பெயர் வைத்தது. மேஜருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி உள்ளதை உள்ளபடியே சொல்வது என்று முடிவெடுத்து, சொல்லவும் செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருக்காமல் பேசினார். ஆனால் ஊர் இப்போது மகளைப் போலவே ஆகிவிட்டது. அவர் மழை என்றால் சலவைக்கடைக்காரர் சந்தோஷமாகத் துணியைக் கொடியில் போடுவார். அவர் கனமழை என்றால் பூங்காவில் கூட்டம் கூடும். துணி நனைந்து, கூட்டம் சிதறி ஓடினாலும், தூறல் மேஜர் சொன்னதுகூடப் பலித்துவிட்டதே என்று அதையும் ஒரு வேடிக்கையாகப் பேசினார்களே தவிர, அடுத்த தடவை யாரும் நம்பவில்லை.

அப்புறம் வந்தது அந்த மழை.

மையத்தின் துணை இயக்குநர் கெட்டிக்காரப் பெண், கணினியில் வானத்தைப் பிரித்து மேய்பவள். ஒரு காலை அவள் மூன்று திரைகளையும் அவர் பக்கம் திருப்பிவைத்தாள். கடல் மேல் ஒரு மேகக் கூட்டம் நகராமல் உட்கார்ந்திருந்தது. அது நகரத் தொடங்கினால் நேராக ஆற்றின் தலைப்பகுதிக்குத்தான் போகும். அங்கே அணை ஏற்கெனவே கழுத்து வரை நிறைந்திருந்தது. அத்தனை தண்ணீரும் ஊருக்குள்தான் வர வேண்டும், அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

மேஜர் தொலைக்காட்சியில் சொன்னார். மிகக் கனமழை, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் நாளைக்குள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஊர் கொட்டாவி விட்டது. டீக்கடையில் ஒருவர், மேஜரே மிகக் கனமழை என்று சொல்லிவிட்டார், நாளைக்கு வெள்ளையடிக்க ஆளை வரச் சொல்லலாம் என்று சொன்னாராம். கடைக்காரர் சிரித்ததில் பால் பொங்கி வழிந்ததாம்.

"இன்னும் கொஞ்சம் பெருசா சொல்லலாமா சார்?" என்று துணை இயக்குநர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மேஜர் யோசித்தார். பெருசா என்ன சொல்வது? புயல், பேய்மழை, பிரளயம், எல்லாவற்றையும் அவர் தூறலுக்கே செலவழித்துத் தீர்த்துவிட்டார். உண்மையிலேயே பெரிசாக ஒன்று வந்து நிற்கும்போது கையிருப்பில் ஒரு சொல்கூட இல்லை. வாழ்நாளெல்லாம் ஊதாரித்தனமாகப் பேசியதன் பலன் இதுதான் என்று அவருக்கு உறைத்தது.

மகள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. கரையை ஒட்டிய கடைசித் தெருவில் கீழ்த்தளம். வீடு பாதி, தையற்கூடம் பாதி. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று மாப்பிள்ளை வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மதியம் மேஜர் போனபோது மாப்பிள்ளை மேசை மேல் துணியை விரித்து சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வாங்க மாமா என்று சொல்லி, துணி மூட்டையை நகர்த்தி நாற்காலியில் இடம் செய்துகொடுத்தார். மகள் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். பள்ளிச் சீருடை ஆர்டர், அறை முழுக்க ஒரே நீலம். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது, அதுவும் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

"டிவில பாத்தேன்ப்பா" என்றாள் மகள் தலை நிமிராமல். "நாளைக்குக் குடை எடுத்துக்கறேன்."

"குடை இல்லம்மா. வீட்டைக் காலி பண்ணணும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையின் காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். அது சம்மதித்த சரி இல்லை, சின்னக் குழந்தை எதையோ சொன்னால் அம்மாக்கள் சொல்வார்களே, அந்தச் சரி. மேஜர் அணையைப் பற்றிச் சொன்னார், மேகத்தைப் பற்றிச் சொன்னார், தண்ணீரின் அளவைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் மனசுக்குள் வகுத்துக்கொண்டே போவது அவருக்கு முகத்திலேயே தெரிந்தது. இயந்திரம் கடகடவென்று ஓடியது. ஆர்டரை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் மாமா, அதுக்கப்புறம் பாத்துக்கலாம் என்றார் மாப்பிள்ளை. அவர் தன்மையான மனிதர், மாமனாரின் புயலை எல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்.

மேஜருக்குச் சொல்ல ஒன்றும் மீதமில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. முட்டளவு தண்ணீரில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. சண்டையில் குண்டு விழுந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ராணுவத்தில் எந்தப் படிவத்திலும் அதை எழுத இடம் கிடையாது.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

இயந்திரம் நின்றது.

மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா சொன்னீங்க?"

"பயமா இருக்கு. எவ்வளவு தண்ணி வரும்னு எனக்குத் தெரியல. கணக்கு சொல்லுது, ஆனா எனக்குத் தெரியல." மகள் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு முடியாமப் போனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. மோசம்னு சொன்னேன். பயமா இருக்குன்னுதான் சொல்லியிருக்கணும்."

மகள் வகுத்துப் பார்த்தாளோ என்னவோ. பயத்தை நாலால் எப்படி வகுப்பது? அதற்கு அம்மா கணக்குச் சொல்லித்தரவில்லை. அவள் எழுந்து வந்து அவர் கைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"மெஷினைக் கட்டுங்க. கிளம்பலாம்."

மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்கட்டியைக் கீழே வைத்தார். துணி மூட்டைகளும் இயந்திரங்களும் வண்டியில் ஏறுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். எங்கப்பாவுக்குப் பயமா இருக்காம் என்றாள் மகள். அந்த ஒரு வரி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியது. மேஜர் புயல் என்று சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், மேஜருக்கே பயமா இருக்காமே என்றதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். சண்டையில் பதக்கம் வாங்கிய ஆள், பலூன் விட்டு வானத்தையே வேவு பார்த்த ஆள், அவருக்கே பயம் என்றால் சும்மாவா? மாலையில் தொலைக்காட்சியில் வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதே வரியை மேஜர் சொன்னார். இருட்டுவதற்குள் ஆற்றங்கரை காலியானது.

மறுநாள் கொட்டிய மழையில் அணை நிறைந்து வழிந்தது. மகள் வீட்டில் தையல் மேசை முழுகி, ஜன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது. வெள்ளையடிக்க ஆள் சொல்லிவைத்திருந்தவரின் வீட்டில் சுவரே இல்லை. ஆனால் கரையோரத்தில் ஒருவரும் சாகவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளம் வடிந்ததும் ஒரு உயர்மட்டக் குழு கூடியது. இதுவரை எந்தக் கருவியாலும் சாதிக்க முடியாததை மேஜரின் பயம் சாதித்திருக்கிறது, ஆகவே இனிமேல் பயத்தை முறைப்படி வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இயக்குநர் தினமும் காலையில் தன் பயத்தின் அளவை எழுதி அனுப்ப வேண்டும். துணைச் செயலர், இணைச் செயலர், செயலர் எல்லோரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பயம் மக்களிடம் போக வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம். நிறங்களைத் தேர்ந்தெடுக்கத் தனிக் குழு. மேஜருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

முதல் வாரமே மேஜர் 'நல்ல பயம்' என்று எழுதி அனுப்பினார். துணைச் செயலருக்கு அது அரசின் தைரியத்தைக் குறைத்துக் காட்டுவதுபோல் பட்டது, 'நல்ல' போயிற்று. இணைச் செயலர் பயத்தைக் கவலையாக்கினார். செயலர் மறுநாள் ஒரு பாலம் திறப்பதாக இருந்தது. மாலையில் தொலைக்காட்சியில் இளம்பச்சை நிறத்தில் 'சற்றே தயக்கம்' என்று வந்தது. மேஜர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய கை ஊறியது. நாளைக்குக் 'குலைநடுக்கம்' என்று எழுதினால் பயம் பயமாகவே போய்ச் சேரும், கணக்கு கச்சிதமாக வரும். பேனாவை எடுத்தார். மகள் முகம் நினைவுக்கு வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றிலிருந்து இருப்பதை இருப்பதுபோலவே எழுதினார், வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மகள் இப்போது மேட்டுத் தெருவில் மாடி வீட்டில் இருக்கிறாள். மறுபடியும் ஒரு சீருடை ஆர்டர் வந்திருந்தது. வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கிவிடும். ஒரு காலை அவள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டிவில லேசான தயக்கம்னு போட்டிருக்கான். நான் அதைக் கேக்கல. உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?"

மேஜர் எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தார், திரும்பி வந்து திரைகளைப் பார்த்தார். எதையும் கூட்டாமல் சொன்னார்:

"இன்னிக்கு எனக்கு ஒரு பயமும் இல்லம்மா. மழை வராது."

"துணியை மாடில காயப்போடறேன் அப்போ."

"போடும்மா."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எந்தத் திரையிலும் இல்லாத ஒரு மேகம் கிழக்கு மூலையில் எட்டிப்பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் பெருத்து ஊருக்கு நடுவில் வந்து நின்று, இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தது. துணை இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டாள். மேஜர் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி கல்லாகச் சமைந்து நின்றார். ஒரே ஒரு தடவை என்றுதானே ஆசைப்பட்டேன், அதுவும் இப்படியா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. இனி அவள் ஆயுசுக்கும் வகுப்பாள்.

தொலைபேசி அடித்தது.

"அத்தனையும் நனைஞ்சுருச்சுப்பா" என்றாள் மகள். பின்னணியில் மழை சத்தம் கேட்டது, மாடியிலிருந்தே பேசுகிறாள்.

"மேகம் வர்றதைப் பாக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன். ரொம்ப நேரமா பாத்துட்டேதான் நின்னேன். அவர்கூட எடுத்துரலாம்னு சொன்னாரு."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"நீங்கதான் வராதுன்னு சொன்னீங்களேப்பா" என்றாள் மகள்.